பட்டை அடித்த கப்பல்: 1917இல் அமெரிக்கா முன்னிருந்த வழிகள்

1917 ஜனவரி 31, புதன்கிழமை. மாலை நேரம். முதல் உலகப் போரின் மூன்றாவது வருடம்; அமெரிக்கா இன்னும் நடுநிலை நாடு. வாஷிங்டனில் ஜெர்மன் தூதர் பெர்ன்ஸ்டார்ஃப், அமெரிக்க வெளியுறவுச் செயலர் லான்சிங்கின் அறைக்குப் போய் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். மறுநாள் முதல் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலியைச் சுற்றியுள்ள கடலில் எந்தக் கப்பல் கண்ணில் பட்டாலும், அதில் எந்த நாட்டுக் கொடி பறந்தாலும், எச்சரிக்கை இல்லாமல் மூழ்கடிப்போம் என்பது அதன் சாரம்.

அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு சலுகை தந்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு பயணிகள் கப்பல் போய்வரலாம். இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர வேண்டும், புதன்கிழமை கிளம்பிவிட வேண்டும். கப்பலின் உடம்பில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வெள்ளையும் சிவப்புமாக மூன்று செங்குத்துப் பட்டைகள் அடித்திருக்க வேண்டும். கோயில் மதிலில் அடிப்போமே, அந்த மாதிரி. ஒவ்வொரு பாய்மரத்திலும் வெள்ளை சிவப்புக் கட்டம் போட்ட பெரிய கொடி வேறு.

பத்து கோடி மக்கள் வாழும் ஒரு நாட்டிடம், "உன் கப்பலுக்கு இந்த வண்ணம் பூசு, இந்தக் கிழமையில் வா" என்று இன்னொரு நாடு சொல்கிறது. அமெரிக்கப் பத்திரிகைகள் கொதித்தது இதில்தான். ஆறு வாரம் முன்னர் வரை போர் வேண்டாம் என்று எழுதியவர்கள்கூட இந்தப் பட்டையைப் படித்ததும் முகம் சுளித்தார்கள்.

அடுத்த ஒன்பது வாரம் அதிபர் உட்ரோ வில்சன் என்ன செய்வது என்று யோசித்தார். ஏப்ரல் 6 அன்று போர்ப் பிரகடனம் ஆனது. நடுநிலை நாடு ஒன்று மூவாயிரம் மைல் தள்ளி நடக்கிற போருக்குள் எப்படி இழுக்கப்படுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு சம்பவத்தைச் சுட்டுவார்கள்: லூசிடானியா கப்பல், இல்லையென்றால் சிம்மர்மன் தந்தி. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். வில்சன் முன்னால் இருந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இந்த வழியில் போனால், அடுத்த முடிவை எடுப்பது யார்? நானா, அடுத்தவனா?

மேசைக்கு வருமுன் ஆனவை

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் அமெரிக்கா நடுநிலை அறிவித்தது. செயலில் மட்டுமல்ல, எண்ணத்திலும் பாரபட்சம் கூடாது என்று வில்சன் மக்களைக் கேட்டுக்கொண்டார். எண்ணத்தை யார் கட்டுப்படுத்த முடியும்? சரி, அது போகட்டும். வியாபாரத்தைப் பார்ப்போம்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, முதல் இரண்டு வருடம் அமெரிக்கத் தொழிலுக்கு அப்படித்தான் இருந்தது. பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேச நாடுகளுக்கு 1914இல் சுமார் 82 கோடி டாலருக்கு ஏற்றுமதி. 1916இல் அது 320 கோடி டாலர். பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போனது ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆனது. சட்டப்படி பார்த்தால் அமெரிக்கா இருவருக்கும் விற்கத் தயார். கடலைக் கடந்து வந்து வாங்கிப் போக ஒருவரால்தான் முடிந்தது.

வாங்குகிறவர் கையில் பணம் தீர்ந்தால்? அங்கேதான் கடன் வருகிறது. அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 1914 ஆகஸ்டிலேயே எச்சரித்தார்: போர்ச் சரக்குகளிலேயே மோசமானது பணம்தான், மற்ற எல்லாவற்றையும் அது வாங்கிவிடும். முதலில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஒரு வருடம்கூட அந்தத் தடை சரியாக நிற்கவில்லை. 1915 அக்டோபரில் ஜே.பி. மார்கன் வங்கி மூலம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் கடன் திரட்டப்பட்டது. 1917 ஏப்ரலுக்குள் நேச நாடுகளுக்குப் போன கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனிக்குப் போனது மூன்று கோடியைத் தொடவில்லை.

பணத்துக்காகவே அமெரிக்கா போரில் இறங்கியது என்று 1930களில் செனட் விசாரணையே நடந்தது. செனட்டர் நை தலைமையில். அது அவ்வளவு எளிமையான கணக்காக எனக்குத் தோன்றவில்லை. 1916 நவம்பர் கடைசியில், இந்த மாதிரிக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் ஜாக்கிரதையாக இருங்கள் என்று அமெரிக்க மத்திய வங்கி வாரியமே பகிரங்கமாக எச்சரித்தது. அந்த அறிக்கையைக் கடுமையாக்கச் சொன்னது வில்சன். கடன் கொடுத்தவனைக் காப்பாற்றத் துடித்தவர் செய்கிற காரியமா அது? ஆனால் கடன் வேறொன்றைச் செய்தது: "ஒதுங்கிவிடுவோம்" என்ற வழியின் விலையை மாதாமாதம் ஏற்றிக்கொண்டே போனது. கோதுமை விவசாயி, பருத்தி வியாபாரி, உருக்காலைத் தொழிலாளி என்று ஒதுங்கினால் அடிபடுகிறவர்களின் வரிசை நீண்டது.

பணத்தைவிட முக்கியமான இன்னொன்று நடந்தது. 1915 பிப்ரவரி 4 அன்று ஜெர்மனி பிரிட்டனைச் சுற்றிய கடலைப் போர்ப் பகுதி என்று அறிவித்தது. ஆறே நாளில் வில்சன் அரசு பதில் அனுப்பியது: அமெரிக்கக் கப்பலோ உயிரோ போனால் ஜெர்மனியைக் கண்டிப்பாகப் பொறுப்பாக்குவோம். நீண்ட கடிதத்தில் ஒரு சில வரி. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. என் கணக்கில் அமெரிக்கா போருக்குள் நுழைந்த இடம் இதுதான். அன்றிலிருந்து போரா அமைதியா என்ற முடிவு வெள்ளை மாளிகையை விட்டுக் கிளம்பி, அட்லாண்டிக்கில் பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு முப்பது வயது ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டனின் கைக்குப் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து, 1915 மே 7 அன்று, அயர்லாந்துக் கரையோரம் அப்படி ஒரு கேப்டன் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலைச் சுட்டார். 18 நிமிடத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் 1,198 பேர். அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். கப்பலில் சுமார் 4,200 பெட்டி துப்பாக்கித் தோட்டாவும் இருந்தது. கப்பல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய மே 1 அன்றே, போர்ப் பகுதியில் பிரிட்டிஷ் கப்பலில் போனால் உங்கள் பொறுப்பு என்று ஜெர்மன் தூதரகம் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்திருந்தது.

ஒதுங்கிக்கொள்வது

இப்போது முதல் வழி. ஆபத்தான கடலுக்கு நம் கப்பலும் ஆளும் போக வேண்டாம். உரிமை இருக்கிறது, ஆனாலும் போக வேண்டாம்.

இதைச் சொன்னவர் பிரையன். தோட்டா ஏற்றிய கப்பலில் பயணிகளையும் ஏற்றுவது படைக்கு முன்னால் பெண்களையும் குழந்தைகளையும் நிறுத்துவது போல என்றார். ஜெர்மனிக்கு எவ்வளவு கடுமையாக எழுதுகிறோமோ அவ்வளவு கடுமையாகப் பிரிட்டனுக்கும் எழுத வேண்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. லூசிடானியா விஷயமாக ஜெர்மனிக்குப் போன இரண்டாவது கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் 1915 ஜூனில் பதவியை விட்டு விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் லான்சிங்.

1916இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசிலும் இதே யோசனை வந்தது. கோர், மெக்லெமோர் என்ற இரண்டு உறுப்பினர்கள் தனித்தனியே தீர்மானம் கொண்டுவந்தார்கள்: பீரங்கி பொருத்திய போரிடும் நாட்டுக் கப்பல்களில் அமெரிக்கர்கள் பயணம் செய்ய வேண்டாம். வில்சன் எதிர்த்தார். ஒரு உரிமையை இன்று விட்டால் நாளைக்கு அடுத்ததைக் கேட்பார்கள் என்பது அவர் வாதம். மார்ச்சில் செனட் 68க்கு 14 என்றும், பிரதிநிதிகள் சபை 276க்கு 142 என்றும் தீர்மானங்களை ஓரங்கட்டின. அந்த 142ஐக் கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இந்த வழிக்கு எதிராக எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஜெஃபர்சன் கதை. 1807 டிசம்பரில், பிரிட்டனும் நெப்போலியனும் மாறி மாறி அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்ததால், அதிபர் ஜெஃபர்சன் எந்தக் கப்பலும் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று துறைமுகங்களையே மூடினார். 1807இல் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி மறுவருடம் 2.2 கோடிக்கு விழுந்தது. நியூ இங்கிலாந்து மாலுமிகள் வேலையில்லாமல் நின்றார்கள், கனடா எல்லையில் கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. 1809இல் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். 1812இல் பிரிட்டனோடு போரும் வந்தது. கடையைச் சாத்தியும் சண்டை நிற்கவில்லை.

ஆனால் பிரையன் கேட்டது கடையைச் சாத்தச் சொல்லி அல்ல. சரக்கு விற்கலாம், வாங்குகிறவன் தன் கப்பலில் தன் பொறுப்பில் எடுத்துப் போகட்டும், நம் ஆட்கள் அதில் ஏறாமல் இருந்தால் போதும். இதற்கு ஆகும் செலவு என்ன? கொஞ்சம் கௌரவம். கொஞ்சம் பயணிகள் வருமானம். அடுத்த முடிவு யார் கையில் என்று கேட்டால், இந்த வழியில் அது அமெரிக்காவிடமே இருந்திருக்கும். 1915இல் இது மலிவான வழி. 1917 பிப்ரவரியில்? உரிமை, கண்டிப்பான பொறுப்பு என்று இரண்டு வருடம் பேசிவிட்டு, பட்டை அடித்த கப்பல் கடிதம் வந்த பிறகு ஒதுங்கினால் அதற்குப் பெயர் பணிவு. மலிவாகக் கிடைத்தபோது வாங்காமல் விட்டது, பிறகு வாங்கவே முடியாத விலைக்குப் போய்விட்டது.

அடி வாங்கிக்கொண்டு நிற்பது

இரண்டாவது வழியை அமெரிக்காவில் யாரும் மரியாதையாகப் பேசவில்லை. ஆனால் ஐரோப்பாவில் அதைச் செய்து காட்டினார்கள்: கப்பல் மூழ்கினால் கண்டனக் கடிதம் எழுது, நஷ்டஈட்டுக் கணக்கை எழுதி வை, போருக்கு மட்டும் போகாதே.

நெதர்லாந்தைப் பாருங்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1914இல் ஏறத்தாழ பத்து லட்சம் பெல்ஜிய அகதிகள் உள்ளே வந்தார்கள். பெல்ஜிய எல்லை நெடுக ஜெர்மனி மின்சார வேலி போட்டது. கடல்பக்கம் பிரிட்டன், "நீ இறக்குமதி செய்வது ஜெர்மனிக்குப் போகாது என்று உத்தரவாதம் கொடு" என்றது. அரசே அப்படி உத்தரவாதம் கொடுத்தால் நடுநிலை போச்சு. அதனால் டச்சு வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் சேர்ந்து 1914 நவம்பரில் ஒரு தனியார் நிறுவனம் தொடங்கினார்கள். பிரிட்டனுக்கு உத்தரவாதம் தந்தது அந்த நிறுவனம். அரசு தந்தது எதுவும் இல்லை! அரசு "எனக்கு எதுவும் தெரியாது" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. இந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1917 பிப்ரவரி 22 அன்று, ஃபால்மத்திலிருந்து கிளம்பிய ஏழு டச்சுக் கப்பல்களை ஒரே நீர்மூழ்கி தாக்கியது. வில்சன் மேசையில் பட்டைக் கப்பல் கடிதம் கிடந்த அதே மாதம். டச்சுக்காரர்கள் கண்டித்தார்கள். போருக்குப் போகவில்லை. அந்த ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் உருளைக்கிழங்குக்காகக் கலவரம் நடந்து, படை சுட்டு, உயிர்கள் போயின. அப்போதும் போகவில்லை.

நார்வே இழந்தது இன்னும் அதிகம். அதன் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ பாதி கடலுக்கு அடியில் போனது, சுமார் 2,000 மாலுமிகள் இறந்தார்கள். நார்வேயும் போர் அறிவிக்கவில்லை. டென்மார்க் போர் தொடங்கிய வாரமே, ஜெர்மனி கேட்டதும், தன் கடல்வழியில் தானே கண்ணிவெடி போட்டு, பிரிட்டனிடமும் காரணத்தைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

இந்த நாடுகளுக்கு என்ன வித்தியாசம்? போர் என்றால் அவர்களுக்கு மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ஜெர்மன் படை. அதனால் கௌரவத்தின் விலை என்ன என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அமெரிக்காவுக்கு அந்த விலை தெரியவில்லை. கடல் நடுவில் கிடந்தது. தூரத்துப் போர் என்பதாலேயே அதில் இறங்குவது சுலபமாகத் தெரிந்தது என்பது இந்தக் கதையில் எனக்கு வினோதமாகப் படும் விஷயம்.

முடிவு யார் கையில் என்ற கேள்விக்கு இந்த வழி நல்ல மதிப்பெண் வாங்குகிறது. எத்தனை கப்பல் மூழ்கினாலும் போரா இல்லையா என்று சொல்வது ஹேக் நகரத்து டச்சு அரசுதான், நீர்மூழ்கிக் கேப்டன் இல்லை. ஆனால் இதற்கு மக்கள் ஒத்துழைக்க வேண்டும். பட்டினியும் அவமானமும் சேர்ந்து வருகிற வழி இது. வயிறு நிறைந்த நாடு இதில் நிற்பது கஷ்டம்.

பீரங்கி பொருத்திய நடுநிலை

மூன்றாவது வழிதான் வில்சன் முதலில் எடுத்தது, அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிப்ரவரி 3 அன்று ஜெர்மனியோடு தூதரக உறவு முறிந்தது. அதே நாள் ஹூசடோனிக் என்ற அமெரிக்கக் கப்பல் கோதுமையோடு லண்டனுக்குப் போகும் வழியில் பிடிபட்டது. ஜெர்மன் கேப்டன் எச்சரித்து, எல்லாரையும் உயிர்காப்புப் படகில் இறங்கச் சொல்லி, பிறகுதான் மூழ்கடித்தார். அதோடு நிற்கவில்லை. அந்தப் படகுகளைக் கொஞ்ச தூரம் இழுத்துப் போய், பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல் கண்ணில் படும்படி விட்டுவிட்டுப் போனார். உறவு முறிந்த நாளில் இவ்வளவு மரியாதை. யாரும் சாகவில்லை என்பதால் வில்சனும் அசையவில்லை. வெளிப்படையான செயல் வரட்டும் என்றார். மறுபடி பாருங்கள், முடிவு கேப்டனிடம்.

இதற்கிடையே அமெரிக்கக் கப்பல் முதலாளிகள் கப்பலைக் கிளப்ப மறுத்தார்கள். துறைமுகங்களில் சரக்கு குவிந்தது, சரக்கு ரயில்கள் வரிசைகட்டி நின்றன. ஜெர்மனி ஒரு டார்பிடோவும் வீணாக்காமல் அமெரிக்க ஏற்றுமதியைப் பாதி முடக்கிவிட்டது. பிப்ரவரி 26 அன்று வில்சன் காங்கிரசுக்குப் போய், வணிகக் கப்பல்களில் கடற்படைப் பீரங்கியும் பீரங்கி வீரர்களும் வைக்க அனுமதி கேட்டார். பிரதிநிதிகள் சபை 403க்கு 13 என்று அனுமதித்தது. செனட்டில் லா ஃபாலெட், நாரிஸ் உள்ளிட்ட பத்துப் பன்னிரண்டு பேர் பேசிப் பேசியே மார்ச் 4 நண்பகல் கூட்டத்தொடர் முடியும்வரை இழுத்தடித்தார்கள். பிடிவாதக்காரச் சிறு கூட்டம் என்று வில்சன் சீறினார். நான்கே நாளில் செனட் தன் விதியை மாற்றி, விவாதத்தை வாக்கெடுப்பால் முடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் அந்தச் சபையில் அடிபடும் அந்த விதி பிறந்தது இந்தப் பீரங்கிகளால்தான். வில்சன் தன் அதிகாரத்திலேயே மார்ச் 12இல் பீரங்கி பொருத்த உத்தரவிட்டார்.

கேட்க நன்றாக இருக்கிறது. போருக்கும் போகவில்லை, அடியும் வாங்கவில்லை. நடுவழி மாதிரித் தெரியும். ஆனால் கப்பலின் மேல்தளத்தில் பீரங்கி பக்கத்தில் நிற்கிற ஆளின் இடத்தில் நின்று பாருங்கள். நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அது சுட்ட பிறகு பார்த்தால் பயனில்லை. அப்படியென்றால் பெரிஸ்கோப் கண்ணில் பட்டதுமே, அது என்ன செய்யப்போகிறது என்று தெரியும் முன்னரே, இவர் சுட வேண்டும். கண்டதும் சுடுவதற்குப் பெயர் போர். போர் அறிவிக்காத நாட்டின் ஆள் சுட்டுப் பிடிபட்டால் கடற்கொள்ளைக்காரனாக நடத்தலாம் என்பது ஜெர்மனியின் நிலை. ஆக, போரின் ஆபத்து முழுக்க உண்டு, போர்வீரனுக்கு உள்ள பாதுகாப்பு கிடையாது. வில்சனே ஏப்ரல் 2 உரையில் இதை ஒத்துக்கொண்டார்: ஆயுதமேந்திய நடுநிலை எப்படியும் நம்மைப் போருக்குள் இழுக்கும், போரிடும் நாட்டின் உரிமையையும் பலத்தையும் மட்டும் தராது. அதற்கு முந்தின இரவு, பீரங்கி பொருத்தியிருந்த அஸ்டெக் என்ற கப்பல் பிரான்ஸ் கரையோரம் மூழ்கடிக்கப்பட்டது. பீரங்கியால் ஒரு பயனும் இல்லை.

இந்த வழிக்கு முன்னோடியும் நல்ல சகுனமாக இல்லை. 1780இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின், நடுநிலை நாடுகளைச் சேர்த்து ஆயுதக் கூட்டணி அமைத்தார். அதில் சேர டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். சேர்ந்து பாதுகாப்புப் பெறுமுன்னே, டிசம்பரில் பிரிட்டன் அவர்கள் மேல் போர் அறிவித்துவிட்டது. நடுநிலையைக் காக்கப் போட்ட ஏற்பாடே போரைக் கொண்டுவந்தது.

என் அளவுகோலில் எல்லாவற்றிலும் மோசமான வழி இதுதான். இதில் முடிவு கேப்டனிடம்கூட இல்லை. பயந்துபோயிருக்கும் இருபது வயதுப் பீரங்கிக்காரனிடம் இருக்கிறது.

சமரசம் பேசுவதும் ஒரு வழியாக இருந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜனவரி 22 அன்று வில்சன் வெற்றி தோல்வி இல்லாத சமாதானம் வேண்டும் என்று செனட்டில் பேசினார். நல்ல பேச்சு. ஆனால் ஜனவரி 9 அன்றே பேரரசரின் போர்த் தலைமையகமான பிளெஸ் மாளிகையில் ஜெர்மனி நீர்மூழ்கிப் போருக்கு முடிவெடுத்துவிட்டது. மாதம் 6 லட்சம் டன் கப்பலை மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும், அமெரிக்கா படை திரட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கடற்படைத் தலைமை கணக்குப் போட்டிருந்தது. பஞ்சாயத்துக்கு ஆள் வருவதற்குள் ஒரு தரப்பு கத்தியை எடுத்தாயிற்று.

போர், ஆனால் எவ்வளவு?

மார்ச் மாதம் மீதி வழிகளைத் தின்றது. மார்ச் 1 அன்று ஜெர்மன் வெளியுறவுச் செயலர் சிம்மர்மனின் தந்தி பத்திரிகைகளில் வந்தது: அமெரிக்கா போரில் இறங்கினால் மெக்சிகோ ஜெர்மனியோடு சேரட்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்பப் பிடிக்க உதவுவோம் என்பது செய்தி. இதில் ஒரு கூத்து உண்டு. சமாதானப் பேச்சுக்கு உதவட்டும் என்று அமெரிக்கா தன் சொந்தத் தூதரகக் கம்பியில் ஜெர்மனி சங்கேதச் செய்தி அனுப்ப இடம் கொடுத்திருந்தது. இந்தத் தந்தி போனது அந்தக் கம்பி வழியாக! அது பிரிட்டனைத் தொட்டுப் போனதால், லண்டனில் கடற்படையின் 40ஆம் அறையில் சங்கேதம் உடைக்க உட்கார்ந்திருந்தவர்கள் படித்துவிட்டார்கள். போலித் தந்தி என்று பலரும் சந்தேகப்பட்டபோது, சிம்மர்மனே மார்ச் 3 அன்று ஆமாம், நான் அனுப்பியதுதான் என்றார்.

மார்ச் 15இல் ரஷ்ய ஜார் பதவி துறந்தார். இனி நேச நாடுகள் எல்லாம் ஜனநாயகங்கள் என்று பேச வசதியானது. மார்ச் 16 முதல் 18க்குள் விஜிலன்ஷியா, சிட்டி ஆஃப் மெம்ஃபிஸ், இல்லினாய் என மூன்று அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கின; விஜிலன்ஷியாவில் மட்டும் 15 பேர் போனார்கள். மார்ச் 20 அமைச்சரவைக் கூட்டத்தில் எல்லாரும் போர் என்றார்கள்.

அப்போதும் ஒரு தேர்வு மிச்சமிருந்தது. கடலில் மட்டும் சண்டை, பணமும் சரக்கும் தாராளமாக, தரைப்படை வேண்டாம். இப்படி நடந்ததும் உண்டு. 1798 முதல் 1800 வரை அமெரிக்கா பிரான்சோடு கடலில் மட்டும் அறிவிக்காத போர் நடத்தியது. போருக்கு வாக்களித்தவர்கள் பலர் மனதில் இருந்தது இதுதான். படைத்துறைச் செலவுக்குப் பணம் கேட்டு ஒரு மேஜர் செனட் குழு முன் வந்து பிரான்சுக்கு வீரர்களை அனுப்ப வேண்டியிருக்கலாம் என்றபோது, மூத்த செனட்டர் ஒருவர், "அடக் கடவுளே, அங்கே ஆள் அனுப்பப் போகிறீர்களா?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். வாக்கெடுப்பு ஏப்ரல் 4இல் செனட்டில் 82க்கு 6, ஏப்ரல் 6இல் பிரதிநிதிகள் சபையில் 373க்கு 50. நிரந்தரப் படையில் அப்போது சுமார் 1,27,000 பேர். ஆறு வாரத்தில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. போர் முடிந்தபோது இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 1,16,000 பேர். பாதிக்கும் மேல் நோயில்.

வில்சன் ஏன் முழுப் போருக்குப் போனார்? பிப்ரவரி இறுதியில் ஜேன் ஆடம்ஸ் உள்ளிட்ட அமைதிக் குழுவினர் அவரைப் பார்த்தார்கள். போரில் பங்கெடுத்த நாட்டின் தலைவருக்குச் சமாதான மேசையில் நாற்காலி கிடைக்கும், நடுநிலை நாட்டின் தலைவர் கதவிடுக்கு வழியாகத்தான் குரல் கொடுக்க முடியும் என்று அவர் சொன்னதாக ஆடம்ஸ் பின்னால் எழுதினார். கடனோ தந்தியோ கப்பலோ, ஏதோ ஒன்று மட்டும் இழுத்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் இந்த நாற்காலி அவரைத் தள்ளியது என்று நம்புகிறேன்.

எதை எடுத்திருக்கலாம்?

1915 பிப்ரவரியில் என்னைக் கேட்டால் பிரையனின் வழி: சரக்கு போகட்டும், ஆள் போக வேண்டாம், யாருக்கும் முன்கூட்டி மிரட்டல் கடிதம் வேண்டாம். 1917 பிப்ரவரியில் கேட்டால் பாக்கி இருந்தவை இரண்டுதான், நார்வே மாதிரி அடி வாங்குவது அல்லது போர். நடுவில் தெரிந்த பீரங்கி வழி, ஐந்து வாரம் தாமதித்துப் போருக்கே கொண்டுபோய் விட்டது.

பிரையனின் வழியை அமெரிக்கா பின்னால் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. 1935 முதல் ஆயுத விற்பனைத் தடை, கடன் தடை, 1939 நவம்பரில் ரொக்கம் கொடுத்து உன் கப்பலில் எடுத்துப் போ என்ற விதி, போர்ப் பகுதிக்கு அமெரிக்கக் கப்பல் போகத் தடை. கப்பல் விஷயத்தில் அது வேலை செய்தது. அதன் பிறகு லூசிடானியா மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆனால் முடிவு தன் கையில் இருந்த நாடு, தானாகவே அடுத்தடுத்த படி இறங்கியது: 1940இல் பிரிட்டனுக்கு 50 பழைய போர்க்கப்பல், 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம், பிறகு சரக்குக் கப்பல்களுக்குக் கடற்படைத் துணை. அக்டோபர் 31இல் ரூபன் ஜேம்ஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கி நூறு பேருக்கு மேல் இறந்தும் போர் வரவில்லை. வந்தது பசிபிக் பக்கத்திலிருந்து, ஜப்பானுக்கு எண்ணெயை நிறுத்திய நான்கு மாதம் கழித்து. அட்லாண்டிக் வாசலுக்குப் போட்ட பூட்டு பசிபிக் வாசலுக்குப் பொருந்தவில்லை.

அப்புறம் அந்த டச்சுக்காரர்கள். அவர்களுக்கு இன்னொரு அடி பாக்கி இருந்தது. 1918 மார்ச்சில் தன் துறைமுகங்களில் நின்ற எண்பதுக்கும் மேற்பட்ட டச்சுக் கப்பல்களை அமெரிக்கா பிடித்து எடுத்துக்கொண்டது. நடுநிலைக் கப்பலின் உரிமைக்காகப் போருக்குப் போன அதே அமெரிக்கா. டச்சு அரசு வழக்கம்போல் கண்டித்துவிட்டு நடுநிலையாகவே இருந்தது. அந்த நவம்பரில் தோற்றுப்போன ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் எல்லை தாண்டி அவர்கள் நாட்டுக்குள்தான் அடைக்கலம் புகுந்தார். ஒப்படையுங்கள் என்று நேச நாடுகள் கேட்டபோது, நாங்கள் நடுநிலை, முடியாது என்றார்கள்.

1914இல் ஜெர்மனி நெதர்லாந்தை விட்டுவைத்ததற்கு ஒரு காரணம், தளபதி மோல்ட்கேவுக்கு மூச்சுக்குழாய் மாதிரி ஒரு நடுநிலைத் துறைமுகம் தேவைப்பட்டது. 1940இல் அப்படி யாருக்கும் தேவைப்படவில்லை. மே 10 அன்று படை உள்ளே வந்தது, ஐந்து நாளில் டச்சுப் படை சரணடைந்தது. டோர்ன் கிராமத்து வீட்டில், விறகு வெட்டிக்கொண்டு இருபது வருடம் கழித்திருந்த பழைய பேரரசரின் வாசலில், ஜெர்மன் வீரர்கள் காவலுக்கு வந்து நின்றார்கள்.